கடலில்லாத ஊரில் ஒரு படகு

படகு வாங்கப் பெங்களூருக்குப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் படகுத்துறையில் சிரிக்காத ஆள் இல்லை. ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கூட அதை இறக்கி வைத்துவிட்டு, "அங்க எதுல மிதக்க விட்டிருக்காங்களாம்? டிராஃபிக்லயா?" என்று கேட்டார்.

நான் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரில். எங்களுக்குச் சென்னையும் பெங்களூரும் எல்லாமே 'மெயின்லாண்ட்'தான். வெளிநாடு போகிற மாதிரி பெட்டி கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகவேண்டிய இடம். அண்ணன் முருகேசனும் நானும் சுற்றுலாக்காரர்களைத் தூண்டில் மீன்பிடிப்புக்கு அழைத்துப் போகிறோம். பாரை, சூரை, அதிர்ஷ்டம் இருந்தால் மயில்மீன். பிடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், திரும்பக் கடலில் விட்டுவிடுவார்கள். அண்ணன் படகை ஓட்டுகிறான். இஞ்சின் என் பொறுப்பு. டீசல் மெக்கானிக் படித்த காலத்தில் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.

போன சீசன் முடிகிற சமயத்தில் எங்கள் படகு பவளப்பாறையில் மோதி அடிப்பாகம் பிளந்துவிட்டது. ஒட்டுப்போட முடியாத பிளவு. வேறு படகு கிடைக்காவிட்டால் அண்ணன் இன்னொருவர் படகை ஓட்டப் போகவேண்டும், நான் யாருடைய பட்டறையிலாவது சேரவேண்டும். அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. முப்பத்தெட்டு அடி உல்லாச மீன்பிடிப் படகு, இரட்டை டீசல் இஞ்சின், மீன் கூட்டத்தைப் பார்க்க உயரமான அலுமினியக் கோபுரம், பெரிய மீனோடு மல்லுக்கட்ட பின்தளத்தில் சுழலும் நாற்காலி. எங்கள் தீவுகளில் அப்படியொன்றை ரிசார்ட் முதலாளிகளிடம்தான் பார்க்கலாம். விலை, கடன் வாங்கினால் எங்களுக்கு எட்டுகிற அளவு. இருக்கும் இடம்: பெங்களூரு.

மல்லேஸ்வரத்தில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். முதல் நாள் காலை நின்றபடி சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் காரா பாத் என்கிற கார உப்புமா வாங்கினேன். அதன்மேல் ஊற்றிய சட்னியின் இனிப்பு நாக்குக்குப் பிடிபட நேரமாயிற்று. பக்கத்தில் நின்ற பேங்க் ஊழியர் ஒருவர், காபி முழுதாகக் குடிக்க முடியாது என்று சொல்லி, என்னோடு பை-டூ போட்டுக்கொண்டார். முன்பின் தெரியாத ஆளும் நானும் ஒரே காபியை இரண்டு டம்ளரில் பங்கிட்டுக் குடித்தோம். எந்த ஊர் என்றார். அந்தமான் என்றேன்.

"யாரையாவது ஜெயில்ல பாக்கவா?" என்றார், நிஜமான கவலையுடன்.

அந்த ஜெயில் இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம் என்றும், நான் வந்தது படகு வாங்க என்றும் சொன்னேன். எதை முதலில் நம்புவது என்று தெரியாமல் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு விற்கிறவரின் மனைவி ரெஜினா, படகைப் பார்ப்பதற்கு முன்னால் தன்னைப் பார்க்கச் சொல்லியிருந்தார். சாயங்காலம் சிவாஜிநகர் போனேன். துணிக்கடைக்கும் கறிக்கடைக்கும் நடுவே பஸ் நுழைகிறது, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஜனம் நுழைகிறது. கரியில் கபாப் வாட்டும் புகையைத் தாண்டி, ஒரு சர்ச் வாசலில் ரெஜினா நின்றிருந்தார். ஐம்பதைத் தொடும் வயது, காட்டன் புடவை, கையில் திருத்தாத விடைத்தாள் கட்டு. பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவரும் கணவர் டேனியலும் அந்தத் தெருக்களில் வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். டேனியல் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்து, வளர்த்து, நல்ல விலைக்குக் கொடுத்தவர்.

"சின்ன வயசுல இருந்தே அவருக்குக் கடல் பைத்தியம். கம்பெனிய வித்ததும் இதை வாங்கினார். கொச்சியில நிறுத்தி வெச்சிருந்தார். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு" என்றார் ரெஜினா. "அப்புறம் காய்ச்சல் மாதிரி ஏதோ வந்து உள்காது ரெண்டும் போயிடுச்சு. காது கேக்கும். பேலன்ஸ்தான் இல்ல. கெட்டியான தரையில குச்சி வெச்சுகிட்டு நடப்பார். கொஞ்சம் ஆடுற இடத்துல நிக்கவெச்சா விழுந்துடுவார். டாக்டர் இனிமே கடல் வேணாம்னுட்டாங்க."

"அப்போ படகு?"

"அவரால படகுகிட்ட போக முடியலன்னு படகை இங்க கொண்டுவந்துட்டார். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி எங்களுக்கு ஒரு இடம் இருக்கு. வாரத்துல பாதி நாள் அதுலதான் தூங்குறார். ஃப்ரெண்ட்ஸ் வந்தா பாக்கமாட்டார். கல்யாணம் காட்சின்னு எங்கயும் வரமாட்டார். சும்மா மேல போய் உட்கார்ந்திருப்பார்." விடைத்தாள் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "விளம்பரம் நான்தான் குடுத்தேன். அவருக்குத் தெரியும். வேணாம்னு சொல்லல, வர்றவங்களைப் பயமுறுத்தி அனுப்பிடுவார். உங்ககிட்டயும் குறையாத்தான் சொல்வார். கேட்டுக்குங்க, ஆனா போயிடாதீங்க."

மறுநாள் காரில் போனேன். டிரைவர் கோலார் தங்கவயல்காரர், வழியெல்லாம் தமிழில் பேசிக்கொண்டே வந்தார். மேம்பாலச் சாலையில் பறந்து, இறங்கி, சந்துகளில் திரும்பித் திரும்பி, ஒரு கேட்டின் முன்னால் நிறுத்தினார்.

"மேடம், நீங்க படகுன்னு சொன்னீங்க. இது லேடீஸ் பி.ஜி."

போனில் இருந்த வரைபடம் அதுதான் இடம் என்று அடித்துச் சொன்னது. ஈரத்தலையோடு மாடியில் நின்ற பெண்கள் எங்களை எட்டிப் பார்த்தார்கள். கேட்டில் இருந்த காவலாளிதான் காப்பாற்றினார். "ஹடகு மனெ தானே? அடுத்த ரோடு" என்றார் கன்னடத்தில். கப்பல் வீடு என்று அர்த்தமாம். நம் படகுதான் அங்கே ஹடகு ஆகிவிட்டது என்று டிரைவர் விளக்கினார்.

அடுத்த தெருவில், தகரக் கூரைக்குக் கீழே, இரும்புத் தாங்கிகள்மேல் அது நின்றிருந்தது. ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு, மறுபக்கம் காய்ந்துபோன புல்வெளி. கடலில் எத்தனையோ படகுகளைப் பார்த்திருக்கிறேன். முழுப் படகையும், அடிவயிறு வரை, நிதானமாகக் கீழே நின்று பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. தண்ணீருக்கு மேலே ஒய்யாரமாகத் தெரிகிற பாகம் பாதிதான். மீதிப் பாதி முழுக்க உழைப்பு.

டேனியல் பின்தளத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உயரமானவர், நரைத்த தாடி. கைப்பிடி வைத்த இரும்புப் படியில் ஏறி, தளத்தில் கால் வைக்கும் முன் செருப்பைக் கழற்றினேன். அவர் அதைக் கவனித்தார்.

"யாரும் சொல்லாமலே கழட்டுறீங்க."

"பழக்கம் சார்."

உடனே குறைகளை ஆரம்பித்துவிட்டார். ஜெனரேட்டர் இருமும். முன்னறைக் கூரைக் கதவு ஒழுகும். இடது இஞ்சின் சூடாகும். கோபுரத்தின் ஒரு கால் லேசாக வளைந்திருக்கிறது. நான் இஞ்சின் அறைக்குள் தவழ்ந்து இறங்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. என் சமையலறைகூட அத்தனை சுத்தமில்லை. ஒவ்வொரு ஹோஸும் புதிது, ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸ். இனிக் கடலுக்கே போகாத இஞ்சினை ஒருவர் வாராவாரம் துடைத்திருக்கிறார்.

மேலே வந்து அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம் என்று சொன்னேன். அவருக்குக் குறைகள் தீர்ந்துபோயின.

"நீங்க எதுக்குமே பயப்பட மாட்டேங்கறீங்களே" என்றார்.

"எங்க படகு பாறையில பிளந்தப்போ நான் இஞ்சின் ரூம்ல இருந்தேன் சார். அதுக்கப்புறம் கூரை ஒழுகுறதுக்கெல்லாம் பயம் வரமாட்டேங்குது."

முதல் தடவையாகச் சிரித்தார். கீழே காவல் இருக்கும் தம்பதியிடம் சொல்லி எனக்கு ராகி முத்தை என்கிற களி உருண்டையும் கீரைக் குழம்பும் வரவழைத்தார். முத்தையைக் கடிக்கக்கூடாது, விழுங்கவேண்டும் என்றார். மீன் இல்லாத இரண்டாம் நாள். விழுங்கினேன்.

சாப்பிட்டுக்கொண்டே தன் நோயைப் பற்றி, ஏதோ மெஷினின் கோளாறைச் சொல்வதுபோல் சொன்னார். "கண்ணை மூடினா மேல எது, கீழ எதுன்னு எனக்குத் தெரியாது. நடக்கும்போது கடை போர்டுல எழுத்தெல்லாம் குதிக்கும். இங்க மட்டும் எல்லாம் அசையாம இருக்கு."

இஞ்சினை ஓடவிட்டுப் பார்க்காமல் நான் வாங்க முடியாது. படகு இஞ்சின் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். தரையில் ஓட்டவேண்டுமானால் வெளியிலிருந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். "நாளைக்கு டேங்கர் சொல்றேன்" என்றார்.

மூன்றாம் நாள் மெட்ரோவில் போனேன். ரெஜினாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். டேங்கர் லாரி கேட்டுக்குள் நுழைந்தது. நான் குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோதே வெளியே சத்தம். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். காலியான பிளாஸ்டிக் குடத்தோடு ஒருத்தி முன்னால் நின்றாள். வீணா என்று பெயர், குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராம். கன்னடத்தில் அவள் கொட்டியதை ரெஜினா எனக்குத் தமிழில் சொன்னார்.

"எங்களுக்கு டேங்கர் வந்தே நாளாச்சு. கேட்டா லாரி இல்லைங்கறாங்க. குழந்தைங்க முகம் கழுவாம ஸ்கூலுக்குப் போறாங்க. நீங்க கப்பலைக் குளிப்பாட்டுறீங்களா?"

டேனியலுக்குக் கோபம் வந்தது. மேலே நின்றபடியே, "நான் புக் பண்ணின லாரி இது. என் இடம்" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கோடையில் போர்ட் பிளேரில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். சுற்றிலும் கடல், குழாயில் காற்று. நானே குடத்தோடு சண்டை போட்டிருக்கிறேன்.

"சார், நிறுத்திடலாம்" என்றேன்.

"ஓட்டிப் பாக்காம வாங்கிப்பீங்களா?"

"வாங்க மாட்டேன். ஆனா இந்தத் தண்ணியில ஓட்டவும் மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அண்ணன் பக்கத்தில் இருந்திருந்தால் என் காலை மிதித்திருப்பான். குழாயைக் கழற்றிக் கீழே போட்டேன். டேனியல் என்னையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லாரி டிரைவரிடம், "அவங்க தொட்டிக்கே கொண்டுபோய் ஊத்திடுப்பா" என்றார்.

வீணா அசையவில்லை. சண்டைக்கென்று வந்தவளுக்குச் சண்டை பாதியில் முடிந்துபோன குழப்பம். பிறகு ரெஜினாவிடம் ஏதோ கேட்டாள். இஞ்சினுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டுமா?

"குளிர்ச்சியா இருந்தாப் போதும். மண்ணும் குப்பையும் இருக்கக்கூடாது" என்றேன்.

அவர்கள் குடியிருப்பில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி உண்டாம். செடிக்கு ஊற்றியது போக மிச்சம் தினமும் சாக்கடைக்குத்தான் போகிறதாம். அங்கே ஒரு மோட்டாரும் சுவருக்கு இந்தப் பக்கம் எட்டுகிற குழாயும் இருக்கிறதாம். "அதை எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க. வாசனையைப் பத்தி மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

ஒரு வடிகட்டியைப் பொருத்தி, சுவர்மேல் வந்த குழாயை இணைத்தேன். வாசனை அவள் சொன்னபடியே இருந்தது. குடியிருப்புக்காரர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இன்னும் பலர் வந்து சுற்றி நின்றார்கள். டேனியல் மேலேயே இருந்தார். பின்தளத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வலது இஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது. இடது இஞ்சின் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு எழுந்தது. பின்பக்கத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியடிக்க, கீழே நின்றவர்கள் கூச்சலிட்டுக் கைதட்டினார்கள். வேகத்தைக் கூட்டினேன். தாங்கிகள்மேல் படகு முழுதும் நடுங்கியது. சூடு ஏறவில்லை. சத்தம் சீராக இருந்தது. இது எங்கள் படகு என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடியபோதுதான், பின்னால் ஏதோ தடாலென்று விழுந்தது.

டேனியல் தளத்தில் கிடந்தார். இஞ்சின்களை அணைத்துவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் ரெஜினா அந்த இரும்புப் படியில் ஏறி வந்துவிட்டார். பெரிய அடியில்லை, முழங்கையில் சிராய்ப்பு. தூக்கப்போனோம், வேண்டாம் என்று கையசைத்தார். நாற்காலியின் அடித்தண்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கடல்ல போனாத்தான் விழுவேன்னு நினைச்சேன்" என்றார். "அதான் தரைக்குக் கொண்டுவந்தேன். இஞ்சின் போட்டதும் மேல எது கீழ எதுன்னு போயிடுச்சு ரெஜி. இத்தனை நாளா நான் உட்கார்ந்திருந்தது படகுலயே இல்ல." என் பக்கம் திரும்பினார். "இஞ்சின் எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

"அப்போ எடுத்துட்டுப் போங்க."

"இன்னிக்கு முடிவு பண்ண வேணாம் டேனி" என்றார் ரெஜினா.

"நீதானே விளம்பரம் குடுத்தே?"

"குடுத்தேன். அதுக்காக இப்படிக் கீழ உட்கார்ந்துகிட்டா சொல்லணும்?" புடவைத் தலைப்பால் அவர் முழங்கையைத் துடைத்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. இந்த நாளுக்காகக் காத்திருந்தவர் அவர்தான்.

சரி என்று அப்போதே கை நீட்டியிருக்கலாம். எனக்கு அந்தப் படகு வேண்டும், அதுவரை எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. ஆனால் விழுந்து கிடக்கிற மனிதரிடமிருந்து வாங்குவதற்கு வாய் வரவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மெட்ரோ ஏறினேன். அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கெடைக்கலன்னா போகுது, வா" என்றான். அவன் குரலில் அது அத்தனை லேசாக இல்லை.

மறுநாள் காலை லாட்ஜில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கீழே யாரோ வந்திருப்பதாகச் சொன்னார்கள். இறங்கிப் போனால் டேனியலும் ரெஜினாவும். அவர் சட்டை கசங்கியிருந்தது, நெற்றியில் வியர்வை.

"மெட்ரோவுல வந்தோம். நான்தான் கூட்டிட்டுப் போன்னு சொன்னேன்" என்றார். "உட்கார இடம் கெடைக்கல. கம்பியப் புடிச்சிகிட்டு நின்னேன்."

"விழலையா சார்?"

"ரெண்டு வாட்டி. ஒரு காலேஜ் பொண்ணு புடிச்சிகிச்சு. ரெண்டாவது வாட்டி அவளும் விழுந்துட்டா."

ரெஜினா சிரிப்பை அடக்கமுடியாமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று பேரும் அந்த நின்று சாப்பிடும் ஓட்டலுக்குப் போனோம். டேனியல் மேடையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் இட்லி சாப்பிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவர் ஆடினார், நின்றார், தொடர்ந்து சாப்பிட்டார்.

"நேத்து சொன்னதேதான்" என்றார் கடைசியில். "நின்னுகிட்டுச் சொல்லணும்னா. எடுத்துட்டுப் போங்க." கொஞ்சம் யோசித்து, "பேரை வேணும்னா மாத்திக்குங்க" என்றார்.

படகின் பெயர் ரெஜினா. பின்புறம் நீல எழுத்தில் எழுதியிருந்தது. ரெஜினா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் மாத்த வேணாம். கொச்சியில ஒரே ஒரு தடவை ஏறினேன், வாந்தி எடுத்துட்டு இறங்கிட்டேன். நான்தான் கடலுக்குப் போகல, என் பேராவது போகட்டும்."

கோபுரத்தைக் கழற்றி, நீள லாரியில் ஏற்றி, பிறகு சரக்குக் கப்பலில் ஏற்றி, அது போர்ட் பிளேர் வந்து சேர்ந்தபோது எங்கள் ஊரில் மழை ஓய்ந்திருந்தது. கிரேன் அதை இறக்கும்போது படகுத்துறையே கூடிவிட்டது. தண்ணீரைத் தொட்டதும் நான் டேனியலுக்குப் போன் செய்தேன்.

"எந்தப் பக்கம் சாயுது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"கொஞ்சம் இடப்பக்கம் சார்."

"பேட்டரியெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு. வலப்பக்கம் ஏதாவது கனமா வைங்க. சரி, வெக்கிறேன். வீணா வந்திருக்காங்க. ஷெட்டுக் கூரையில இருந்து மழைத்தண்ணிய அவங்க தொட்டிக்கு விடறதுக்குப் பைப் போடறோம். எனக்கு ஏணி ஏறத் தடை, கீழ நின்னு சத்தம் போடற வேலை."

அண்ணன் சுக்கானைப் பிடித்தான். நான் வழக்கம்போல் இஞ்சின் அறைக்குப் போகவேண்டியவள், அன்று பின்தளத்தில் நாற்காலியைப் பிடிக்காமல் நின்றேன். துறைமுக வாயைத் தாண்டியதும் முதல் பெரிய அலை எங்களைத் தூக்கி, இறக்கியது. என் முழங்கால்கள் தாமாக வளைந்து, தாமாக நிமிர்ந்தன. அடுத்த அலைக்கும் அப்படியே. நாற்பது வயதுக்கு மேல், முதல் தடவையாக, அவை அதைச் செய்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.